அம்மா வாடகைக்கு விடாத மூன்று அறைகள்

அம்மா இல்லாத ஒரு வருடத்தை எப்படியோ கடந்துவிட்டோம். இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்கள் எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் வந்து தங்கிப் போனவர்களைப் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அம்மா பிறந்தார். கிணறு வற்றிய வருடத்தில் படிப்பு நின்றது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அப்பாவை மணந்து, பக்கத்து நகரத்தின் ராயபுரத்தில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கினார். நான் பிறந்ததும், குழந்தை விடாமல் அழுகிறது என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். தம்பி பிறந்தபோது அடுத்த வீட்டிலும் அதே கதை. ஈரத் துணியோடு மூட்டை கட்டியதைப் பிற்பாடு அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்.

அம்மாவும் அதே கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார். எண்பதுகளின் நடுவில் ஊருக்கு வெளியே இடம் வாங்கி வீடு கட்டினார்கள். வாடகைக்கு விடுவதற்கென்று பின்பக்கம் மூன்று அறைகளையும் கட்டினார்கள். அவற்றில் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்த வாரத்தில்தான் எஸ்தரின் கணவர் இறந்துபோனார்.

எஸ்தர் அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அம்மாவின் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாக இருந்தார். சாயப்பட்டறையில் வேலை செய்த கணவருக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய்விட்டது. உடலை வேனில் ஏற்றிக் கொண்டுவந்தபோது, அவர்கள் குடியிருந்த, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் சொந்தக்காரர் கதவை அடைத்துவிட்டார். வாடகை வீட்டுக்குள் பிணத்தைக் கொண்டுவரக் கூடாது என்றார். துணைக்குப் போயிருந்த அம்மா வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“யக்கா, இவுகள எங்க கொண்டு வைப்பேன்? ரோட்டுலயா போட முடியும்?” என்று எஸ்தர் அக்கா கேட்டாராம்.

அம்மா டிரைவரிடம், “எங்க ஊட்டுக்கு விடுங்க தம்பி” என்றார்.

வேன் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அப்பா திகைத்துப்போனார். “ஏ அம்மிணி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?”

“கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பீங்க? பெஞ்சை எடுத்துப் போடுங்க, வெயில் ஏறுது.”

அப்பா பெஞ்சை எடுத்துப் போட்டார். குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத வீட்டில் முன்பின் அறியாதவர் உடலை வைப்பதா என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். அம்மா யாரோடும் வாதாடவில்லை. எஸ்தர் அக்காவின் சபைக்காரர்கள் வந்து ஜெபம் செய்தார்கள். அவர்கள் பாடிய பாட்டு தெரியாவிட்டாலும், முடியும்வரை அம்மா கைகூப்பி நின்றிருந்தார்.

அடக்கம் முடிந்து திரும்பினால், லைன் வீட்டு வாசலில் பாத்திரங்களும் பாயும் வெளியே கிடந்தன. அம்மா அவற்றை எடுத்துவந்து நடு அறையில் வைத்தார். அந்த அறை பிறகு வாடகைக்குப் போகவே இல்லை. மற்ற இரண்டும் அப்படித்தான்.

வாய்க்கால் ஓரத்துக் குடிசைகள் எரிந்தபோது சில குடும்பங்கள் வந்தன. கணவன் விட்டுப்போன பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். வேறு வீடு கிடைக்கும்வரை இருக்கலாம், வாடகை கிடையாது, குடித்துவிட்டு யாரும் உள்ளே வரக்கூடாது. அம்மா சொன்னது இவ்வளவுதான். கம்பெனியிலிருந்து விரித்துப் படுக்கத் துணி வந்தது. மாரியம்மன் கோவிலிலிருந்து அண்டா வந்தது. எஸ்தர் அக்காவின் சபையிலிருந்து அரிசி வந்தது. கம்பெனி விடுமுறையென்றால் அம்மா அந்தக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வீடு தேடிக் கிளம்பிவிடுவார்.

வீட்டுக்காரர்களிடம், “இவங்களுக்கு நான் பொறுப்புங்க” என்பார்.

“இவங்க ஓடிப்போயிட்டா என்னங்க பண்றது?”

“என்ற ஊடு அங்கியேதானுங்க இருக்கும். அது எங்கீங்க ஓடப்போகுது?”

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு நல்ல இடம் கூடிவந்தது. எனக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு முன்பு, பின்பக்கம் இருப்பவர்களை அனுப்பிவிட்டு அறைகளை ஒழுங்காக வாடகைக்கு விட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லியனுப்பினார்கள். அப்போது அங்கே, பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண் இருந்தாள். நிறைமாதத்தில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவள்.

அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். “கண்ணு, உனக்கு அந்த எடம் புடிச்சிருக்குதுன்னு எனக்குத் தெரியும். வேணும்னா இவங்களுக்கு வேற எடம் பாத்து வெக்கறேன். எனக்காகன்னு ஒண்ணும் சொல்லாதே. உன்ற வாழ்க்கை இது.”

பின்பக்கம் போனேன். அந்தப் பெண் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று கேட்டாள். ஊற்றிவிட்டு வந்து அம்மாவிடம், “வேண்டாம்னு சொல்லியனுப்பீருங்கம்மா” என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை, பல நாள் இருந்தது. பிற்பாடு என் கணவர் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, என் மாமியார் தாமாகவே பின்பக்கம் போய், அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பலகாரத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார். அம்மா அன்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

போன வருடம் அம்மாவின் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் எஸ்தர் அக்கா எங்களோடு முறைவைத்து இருந்தார். தென்பக்கத்து அறையில் அப்போது ஒரு குடும்பம் வீடு தேடிக்கொண்டிருந்தது. நினைவு தெளியும்போதெல்லாம் அம்மா அவர்களைப் பற்றித்தான் கேட்டார்.

“ஊடு கெடச்சுதா?”

“இன்னும் இல்லீங்கம்மா.”

“செரி. அவசரப்படுத்தாதீங்க.”

எங்களிடம் அம்மா கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், உடன்பிறப்பாக நின்ற எஸ்தர் அக்காவுக்கும், கம்பெனித் தோழிகளுக்கும், சபையாருக்கும், கோவில்காரர்களுக்கும், அம்மாவின் சொல்லை நம்பி வீடு கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தென்பக்கத்துக் குடும்பத்துக்குச் சித்திரையில் வீடு கிடைத்துவிட்டது. அந்த அறை இப்போது காலியாக இருக்கிறது. பிள்ளைகுட்டிகளோடு போக்கிடம் இல்லாமல் நிற்கிறவர்கள் யாராவது உங்கள் கண்ணில் பட்டால் இங்கே அனுப்பிவையுங்கள். அப்பா வீட்டில்தான் இருக்கிறார்.

— மகள்