பெரகல ஏற்றத்தில் ஏசி

அப்புத்தளையில் பழைய காருக்கு ஏசி பூட்டிய முதல் மனிதன் நான்தான். இரண்டாமவர் இன்றுவரை வரவில்லை. பனி தானாகவே காருக்குள் வந்து உட்காரும் ஊர் அது.

காரணம் என் தங்கச்சி. மலைக்குக் கீழே வெல்லவாயவில் கடை வைத்திருந்த மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து, வேறு இடத்தைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுவாள். மாப்பிள்ளையின் அம்மாவோ, வெக்கையில் காருக்குள் அடைந்து வர முடியாது என்று பெண் பார்க்க வருவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குளிரக் குளிர என்றும் சேர்த்துவிட்டேன்.

கார், தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது அப்பாவிடம் விட்டுப்போனது; என்னைவிட மூத்தது. பதுளையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ், உடைந்த ஜப்பான் வேன் ஒன்றிலிருந்து ஏசியைக் கழற்றிவந்தார். கம்ப்ரஸரை இரும்புப் பட்டையில் எஞ்சினோடு தொங்கவிட்டார். குளிர்ப்பெட்டி, முன்சீட்டுக்காரரின் முழங்கால் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. கண்டென்சருக்கு ரேடியேட்டரின் முன்னால்தான் இடம் கிடைத்தது.

"ரேடியேட்டருக்குக் காத்து போவாது தம்பி. ஏத்தத்துல ஏசிய நிப்பாட்டிருங்க" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

வெல்லவாயவில் அந்த அம்மா முன்சீட்டில் ஏறி, சுகமாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு ஏசியை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. ஏற்றத்தில் கொஸ்லந்தை தாண்டியதும் பனி இறங்கியது. அவர் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டார். மரியாதைக்காக அவர் குளிருகிறது என்று சொல்லவில்லை. மரியாதைக்காக நானும் நிறுத்தவில்லை. உள்ளே நாங்கள் நடுங்க, முன்னால் எஞ்சின் கொதித்தது. பெரகல சந்தி கண்ணுக்குத் தெரியும்போது ஆவியைக் கக்கிவிட்டு நின்றது.

பின்சீட்டிலிருந்த மாப்பிள்ளை இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்து, தள்ளுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். சந்திக் கடைவரை அந்த அம்மாவும் பின்னால் நடந்தே வந்தார்.

கடையில் அவர் பிளேன்டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, எங்க கடையில இவன் ஒரு மூட்டைய நகத்தி நான் பாத்ததில்ல" என்றார் கடைசியில். "இந்த ஏத்தத்துல காரத் தள்ளுறான். இனிமே நான் வந்து பொண்ணுல என்ன பாக்கப் போறேன்? பேசி முடிச்சிருவோம். சீரு செனத்தியில இந்தக் கார மட்டும் சேத்துராதீங்க."

அப்புத்தளை பஸ் வந்தது. முதலில் ஏறியவர் மாப்பிள்ளை.