கஞ்சி போட்ட பூதம்

நான் ஆத்தூர் போய்ச் சேர்ந்தபோது பூதத்தைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். கஞ்சி வேறு போட்டிருந்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் முதலாளி நாகல் நகரில் நாடக டிரஸ் வாடகைக்கு விடுகிறவர். மாயாஜாலப் படங்களில் நடித்தவர்கள் போட்ட ஒரிஜினல் உடைகளைச் சேர்ப்பது அவருடைய கிறுக்கு. கடை மாடியில் அதற்கென்றே ஒரு ஹால். தேடிப் பிடித்துக் கொண்டு வருவது என் பொறுப்பு. ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பதைக் காலரில் ஒட்டிய மேக்கப், அக்குளில் வியர்வைக் கறை இவற்றை வைத்துத்தான் முடிவு செய்வோம். எங்களுக்கு அழுக்குதான் சாட்சி. அதனால் போனிலேயே, "எப்படி இருக்கோ அப்படியே வைங்கக்கா" என்று சொல்லியிருந்தேன்.

அங்கியை வைத்திருந்த வீட்டுக்கார லூர்தம்மா அதை நான் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

"அடுத்தவுக கைக்குப் போற துணிய அழுக்கோடயா குடுக்கிறது தாயி? பாக்கிறவுக என்னைய என்ன நினைப்பாக?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கறுப்பு வெல்வெட் அங்கி அட்டை மாதிரி விறைத்து நின்றது. சாட்சியெல்லாம் சாக்கடையில் போய்விட்டது. போதாததற்கு இடது கை மட்டும் கோணலாகச் சுருங்கித் தெரிந்தது.

பக்கத்தில் அவருடைய கணவர் ஆரோக்கியம் அண்ணன் நின்றார். ஒரு பழைய மாயாஜாலப் படத்தில் இந்த அங்கியை மாட்டிக்கொண்டு பூதமாக நடித்தவர் அவர்தான். முகம் முழுக்க முகமூடி. டைட்டிலில் பெயரும் வரவில்லை. ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. பேரப்பிள்ளைகளே, "தாத்தா புளுகுறாரு" என்று சிரிப்பார்களாம். அங்கியைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருந்தார். ஹாலில் அதன் கீழே தன் பெயரை எழுத வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது.

அங்கியை எடுத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். முதலாளி அங்கியை மோந்து பார்த்தார்.

"ஏம்மா, சோப்பு வாசம்ல அடிக்கிது! எத நம்பிப் பேரு எழுதச் சொல்றே? நாளைக்கு இன்னொருத்தன் வந்து நாந்தான் பூதம்பான்."

"நெசமா நாந்தாங்க" என்றார் அண்ணன்.

"ஒரிஜினல்னா இம்புட்டு மோசமாவா கை தைப்பான்?" என்றபடி முதலாளி தானே அங்கியை மாட்டினார். வலது கை போனது. இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. "பிடிச்சு இழுங்கம்மா!" என்று கத்தினார். லூர்தம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தோம். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"செத்த குடுங்க" என்று அண்ணன் வாங்கினார். அவருடைய இடது கை வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அளவாக உட்கார்ந்தது. அந்தக் கை நிரந்தரமாக மடங்கியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"சின்னப் பிள்ளைல புளியமரத்துல இருந்து விழுந்தேன். எலும்பு கோணலாக் கூடிப்போச்சு. டைலர் வஞ்சுக்கிட்டேதான் அதுக்குத் தக்கன அங்கிக் கைய வெட்டுனாரு."

முதலாளி ஓடிப்போய் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார். படம் முழுக்கப் பூதத்தின் இடது கை நெஞ்சோடு மடங்கியே இருந்தது. இத்தனை வருஷமாக அதைப் பூதத்தின் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முதலாளி டிவியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு, "உங்க முழுப் பேரு என்னங்கண்ணே?" என்று கேட்டார். லூர்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த அன்று குடும்பமே வந்திருந்தது. பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் அண்ணனை நிறுத்தி போட்டோகிராபர் சொன்னார்:

"ஐயா, இடது கையக் கீழ விடுங்க."

"அது வராது!" என்று பேரப்பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். "எங்க தாத்தா பூதம்!"

துவைக்காதீர்கள் என்று இப்போதும் போனில் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், இதைப் போட்டிருந்தவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டுவிடுகிறேன்.