கோழி அடங்கும் வரை

நோலின் பாஸ்கோவின் மேசையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கோழி உண்டு. முட்டை வேகவைக்கும்போது கழுத்தைத் திருகி வைத்தால், நேரம் முடிந்ததும் கிர்ரென்று கத்துமே, அந்தக் கோழிதான். அலுவலகத்தில் அதைக் கிண்டல் செய்யாதவர் கிடையாது. "இன்னைக்கு வெந்துச்சா, இல்ல அரைவேக்காடா?" என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் நானும் கேட்பேன். "உன் மூளைதான்டா அரைவேக்காடு, வெஸ்," என்பாள். அவள் வாய்க்கு முன்னால் நிற்க எங்கள் கட்டடத்தில் ஆள் இல்லை.

பெர்த் விமான நிலையத்தை ஒட்டிய கட்டடம் எங்களுடையது. இங்கே உட்கார்ந்துகொண்டு, வடக்கே எங்கோ பில்பராவில் இருக்கிற இரும்புச் சுரங்கத்தோடு ரேடியோவில் பேசுவது என் வேலை. நான் சொல்லாமல் ஒரு ஈ காக்கை குழிக்குள் இறங்க முடியாது. பக்கத்து நாற்காலி இஷ்பெலுடையது, பாறைப் பொறியாளர். குழிக்கு எதிரே நிற்கும் ரேடார், பாறைச் சுவரை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்து, சுற்றுக்கு ஒரு படம் அனுப்பும். அசையாத இடம் நீலம், அசைகிற இடம் சிவப்பு. இஷ்பெல் அதை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். படம் இல்லையென்றால் குழிக்குள் ஆள் இருக்கக் கூடாது. எங்களுக்கு அதுதான் வேதம்.

ஆனால் இஷ்பெலின் மேசையில் கணினி என்று எதுவும் கிடையாது. திரை, விசைப்பலகை, கைக்கடக்கமான ஒரு பெட்டி, அவ்வளவுதான். உண்மையான கணினி நகரத்தின் மறுகோடியில், பூட்டிய குளிர் அறை ஒன்றில் இருக்கிறது. அங்கே அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல மெல்லிசான கணினிகளைச் செருகி வைத்திருப்பார்கள். பிளேடு என்று பெயர். நோலின் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தபடியே, கம்பி வழியாக அவற்றில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலையைச் சொல்லிக்கொடுப்பாள். வேலை நடக்கும்போது அவற்றைத் திட்டிக்கொண்டே இருப்பாள். கெட்ட வார்த்தை இல்லாமல் அவளால் ஒரு கணினியை எழுப்ப முடியாது.

தூரத்திலிருந்து செய்கிற இந்த வேலையில் ஒரு வம்பு உண்டு. எந்த இணைப்பு வழியாக உள்ளே போயிருக்கிறோமோ, சில நேரம் அதே இணைப்பின் அமைப்பை மாற்ற வேண்டி வரும். ஒரு எண் பிசகினால் போச்சு. கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நாம் உள்ளே போக முடியாது. வருடங்களுக்கு முன்னால் பில்பராவில் இருந்த ஒரு கணினியில் நோலினுக்கு அப்படி ஆகிவிட்டது. விமானம் ஏறிப் போய், செம்மண் புழுதியில் குலுங்கி, அலமாரியைத் திறந்து, ஒற்றைப் பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பினாள். அவளை வண்டியில் கூட்டிப்போனவன் தவீட்டா லியோடா. சுரங்கத்தில் பம்பு ஓட்டுகிற சமோவாத் தீவுக்காரன். ரேடியோவில் கோயில் பாட்டுப் பாடி என் உயிரை எடுப்பவன்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டானாம். "போன்ல சொல்லியிருந்தா நானே அமுக்கியிருப்பேனே, அக்கா!"

"அலமாரி சாவி என்கிட்டதானடா இருக்கு, மடையா!"

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. இணைப்பில் கை வைப்பதற்கு முன்னால், "இன்னும் கால் மணியில் நீயே அணைந்து எழுந்துகொள்" என்று கணினிக்கு ஒரு உத்தரவு போட்டுவிடுவாள். புது அமைப்பை நிரந்தரமாகச் சேமிக்க மாட்டாள். கைதவறி வெளியே மாட்டிக்கொண்டால், கணினி தானே அணைந்து, பழைய அமைப்போடு எழுந்து அவளை உள்ளே விடும். எல்லாம் சரியாக நடந்தால் உத்தரவை ரத்து செய்துவிட்டு, பிறகு சேமிப்பாள். ரத்து செய்ய மறந்துபோகக் கூடாதே என்றுதான் அந்தக் கோழி. பழக்கத்தைக் கேள்விப்பட்டு, முகாம் சமையலறையிலிருந்து அதைச் சுட்டு தபாலில் அனுப்பியவனும் தவீட்டாதான்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ரேடார் படம் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினி சாகக் கிடந்தது. எங்கள் பொறுப்பாளர் லிண்ட்சே ஹாலம் புது பிளேடுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"பின்வாசல் கேபிள் இன்னும் வரல, லிண்ட்சே," என்றாள் நோலின். இணைப்பு அறுந்தாலும் பிளேடைத் தொடுவதற்கென்று தனியாக ஒரு வழி இருக்கும், அதைச் சொன்னாள். "அது இல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

"கேபிள் கப்பல்ல இருக்கு. படம் தினமும் உறைஞ்சு போகுது. எது பரவாயில்லைன்னு நீயே சொல்லு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே தன் மேசைக்குப் போனாள். குழியிலிருந்து எல்லோரையும் வெளியேற்றினேன். பிளேடில் லினக்ஸ் முன்பே ஏற்றித் தயாராக இருந்தது. ரேடார் வரும் வழியை அதில் இணைப்பது ஒன்றுதான் பாக்கி. கீழே நோலின் உத்தரவைப் போட்டாள், கோழியின் கழுத்தைத் திருகினாள், அமைப்பை மாற்றினாள். மேலே இஷ்பெலின் திரையில் படம் பளிச்சென்று வந்தது. முதல் சுற்று முழுக்க நீலம். லிண்ட்சே நிம்மதியாக ஒரு இறைச்சி பஃப்ஸைப் பிரித்துக் கடித்தார்.

அங்கே சுரங்கத்தில், கடந்துபோன புயலின் வால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரேடியோவில் தவீட்டா கத்தினான்: "பம்பு முழுகுது, வெஸ். என்னை இறங்க விடுறியா, இல்ல பம்புக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறியா?"

நான் இஷ்பெலைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். இறங்கச் சொன்னேன். தவீட்டாவும் அவனுடைய உதவியாள் டாரிலும் ஒரே வண்டியில் அடிமட்டத்துக்குப் போனார்கள்.

கீழ்த்தளத்தில் நடந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. ரேடார் வழி திறந்த அதே நொடியில் நோலினுடைய சொந்த வழி மூடிக்கொண்டது. படம் வருகிறது, ஆனால் அவளால் உள்ளே நுழைய முடியவில்லை. உள்ளே போகாமல் உத்தரவை ரத்து செய்யவும் முடியாது. குழி காலியாகத்தானே இருக்கிறது, அணைந்து எழட்டும், மறுபடி செய்துகொள்ளலாம் என்று நினைத்து, தகவல் சொல்ல மேலே போன் போட்டாள். லிண்ட்சே எடுத்தார்.

"படம் அருமையா வருது. இனி எதையும் தொடாத, நோலின். ஆளுங்க கீழ இறங்கிட்டாங்க," என்று சொல்லிவிட்டு, அவள் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

ஏனென்றால் அந்த நேரம்தான் இஷ்பெல், "ஐயோ," என்றாள்.

திரையில் சிவப்பு. அடிமட்டத்திலிருந்து இரண்டு பாதைகள் மேலே வருகின்றன: கிழக்கே குட்டைப் பாதை, மேற்கே சுற்றுப் பாதை. இரண்டும் பிரிகிற இடத்துக்கு நேர் மேலே, சுவரில், கையகலச் சிவப்பு. நேரில் அது எவ்வளவு பெரிய பாறை என்று எனக்குத் தெரியும்.

"எந்தப் பக்கம் நகருது?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு சுற்றை வெச்சுச் சொல்ல முடியாது. அடுத்த சுற்று வரட்டும். அவங்களப் பம்பு மேட்டுலயே நிக்கச் சொல்லு. அங்க இப்போதைக்கு ஆபத்தில்ல."

சொன்னேன். "குட்டைப் பாதையில ஒரே மூச்சுல ஏறிடுவேன், வெஸ்," என்றான் தவீட்டா. குரலில் பாட்டு இல்லை.

"ஏறாதே! நான் சொல்ற வரைக்கும் இம்மியும் அசையாதே. கேக்குதா?"

"கேக்குது. தண்ணி ஏறிட்டிருக்கு, அதையும் சொல்லிட்டேன்."

அப்போது கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. வெளியே நோலின். முகம் வெளுத்து, ஒரு கையால் கதவைக் குத்திக்கொண்டு, மறு கையில் கோழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் அறைக்கு அவளுக்கு அனுமதி அட்டை கிடையாது. எழுந்து போய்த் திறந்துவிட்டேன். விதியாவது மண்ணாவது! அந்தக் கோழி கையில் இருப்பதைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"அந்தக் கணினி அணையப் போகுது," என்றாள் மூச்சிரைக்க. "நான் போட்ட உத்தரவு. ரத்து பண்ண முடியல. அணைஞ்சு எழுந்தா பழைய அமைப்புல எழும். அதுல ரேடாரே கிடையாது."

லிண்ட்சே குறுக்கே வந்து நின்றார். "உன்னைத் தொடாதேன்னுதானே சொன்னேன்!"

"நான் தொடலன்னாலும் போகும்டா! இது கத்துறப்போ அங்க அணையும்." கோழியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதன் முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றது. "என் வழிதான் அடைஞ்சு போச்சு. இஷ்பெலோட வழி திறந்திருக்கு. அவ உக்காந்திருக்கிறது அந்தக் கணினிக்குள்ளதான். விசைப்பலகையக் குடுங்க. ஒரே ஒரு வரி."

"அதுல கை வெச்சு படம் போச்சுன்னா? கீழ ரெண்டு பேரு, நோலின்!"

"தெரியும். அதுல ஒருத்தன்தான் இதக் குடுத்தவன்."

லிண்ட்சே நகரவில்லை. கெட்ட மனிதர் அல்லர் அவர், பயந்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் என்று கை பரபரத்தது. இஷ்பெல் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நாற்காலியைக் காலால் உந்திப் பின்னுக்கு நகர்த்தி, விசைப்பலகையை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"இடது மூலையில ஜன்னலத் திற," என்றாள். "நடுவையும் வலதையும் மறைச்சே, உன் கழுத்தை நெரிச்சிடுவேன்."

நோலின் மண்டியிட்டாள். இடது மூலையில் கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. உத்தரவை ரத்து செய்கிற உரிமை இஷ்பெலுக்கு இல்லாததால், நோலின் தன் பெயரில் உள்ளே போக வேண்டியிருந்தது. கடவுச்சொல்லை அடித்தாள். தவறு என்றது. கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் திட்டிக்கொண்டே மறுபடி அடித்தாள். இந்தத் தடவை உள்ளே விட்டது.

"வெஸ்," என்றான் தவீட்டா ரேடியோவில். "மேல கல்லு உருளுற சத்தம் கேக்குது. குட்டையா, சுத்தா? ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

"நில்லு, தவீட்டா. ஆண்டவனுக்காக நில்லு."

நோலின் அந்த ஒரு வரியை அடித்து, எண்டர் தட்டினாள். அடுத்த மூச்சு விடுவதற்குள், மேசைமேல் வைத்திருந்த கோழி கிர்ரென்று அலறியது.

அது கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்தோம். அணையவில்லை. படம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. சுற்று வரி வரியாக இறங்கி முடிந்தது. சிவப்பு இரட்டிப்பாகியிருந்தது, எல்லாமே கிழக்குப் பக்கமாக. குட்டைப் பாதை முழுவதும் அதன் கீழே.

"சுத்துப் பாதை!" என்று கத்தினாள் இஷ்பெல். "இப்பவே போகச் சொல்லு!"

"சுத்துப் பாதை, தவீட்டா! போ, போ, போ! குட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதே!"

இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அதையும் மூழ்கடித்துக்கொண்டு ஒரு பெரிய இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. நான் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். நோலின் தரையில் உட்கார்ந்து கோழியை மடியில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல வந்துட்டோம்," என்றது ரேடியோ. "ரெண்டு பேரும். குட்டைப் பாதைன்னு ஒண்ணு இனிமே இல்ல, வெஸ்."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. லிண்ட்சே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோலின் குப்பைக்கூடையை இழுத்து அதில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "தள்ளு, இஷ்பெல். இன்னும் சேமிக்கல. கரன்ட் போனா எல்லாம் போச்சு," என்று மறுபடி விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தாள்.

பிறகு விசாரணை நடந்தது. கேபிள் வராத கதையைச் சொல்லி லிண்ட்சேயை மாட்டிவிட அவளுக்கு நல்ல வாய்ப்பு. அதைச் சொன்னாள்தான். ஆனால் அதற்கு முன்னால், "வழியை அடைச்சது நான், உத்தரவு போட்டதும் நான், முதல்ல அத எழுதிக்கோங்க," என்றாள். லிண்ட்சே தன் பங்குக்கு, போனை வைத்துவிட்டதைத் தானே சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை மாலையே தவீட்டா அவளுக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இந்தத் தடவை பொத்தான அமுக்க எவ்வளவு தூரம் வந்தே, அக்கா?"

"ஒரு மாடிதான்டா," என்றாள். போனை என் கையில் திணித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

கோழி இப்போது கீழ்த்தளத்தில் இல்லை, என் மேசையில் இருக்கிறது. நோலின் எந்தக் கணினியில் கை வைத்தாலும் முதலில் மேலே வந்து அதன் கழுத்தைத் திருகிவிட்டுப் போவாள்; வேலை முடிந்து உத்தரவை ரத்து செய்ததும் அவளே வந்து அதை அடக்குவாள். அதுவரை படம் எவ்வளவு அழகாக வந்தாலும் நான் ஆளை இறக்குவதில்லை. லிண்ட்சே அதை எழுத்தில் விதியாகவே போட்டுவிட்டார். இப்போது யாரும் கோழியைக் கிண்டல் செய்வதில்லை, தவீட்டாவைத் தவிர. குழி விளிம்பில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு முறையும் கேட்பான்:

"கோழி அடங்கிச்சா, வெஸ்?"

நான் அதைக் கையில் எடுத்து, டிக்டிக் சத்தம் நின்றுவிட்டதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

"அடங்கிச்சு. இறங்கு."