நூறு மீட்டருக்கு இந்தப் பக்கம்

எங்கள் தெருவில் மேற்கு வரிசை வீடுகள் ஒற்றைத் தளத்தோடு நின்றுவிட்டன. கிழக்கு வரிசையில் மாடிகள் எழும்பியிருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் மேற்கு வரிசைக்காரர்களுக்கு வசதி போதாது என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம் அதுவல்ல. செஞ்சிக் கோட்டையின் வெளி மதிலிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்டலாம். நூறாவது மீட்டர் எங்கள் தெருவின் நடுவே, எதிர்வீட்டு கேட்டுக்கு இரண்டு முழம் முன்னால் முடிகிறது.

இந்தத் தெரு ஒரு காலத்தில் எங்கள் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கிணறு வற்றியதும் அப்பா கொல்லையை மனை பிரித்து விற்றார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மேற்குக் கோடியில் இருந்த மனையை மட்டும் எங்களுக்கென்று வைத்துக்கொண்டார். மலைக்காற்று நேராக வரும், மலைப்பக்கம் யாரும் வீடு கட்டி மறைக்க மாட்டார்கள், அதுதான் நல்ல மனை என்றார். வீடு கட்டியபோது யாரும் வந்து எதையும் கேட்கவில்லை. எங்களுக்கும் விதி ஒன்றும் தெரியாது.

எதிர் மனையை வாங்கியவர் பஸ் கண்டக்டர். காலனியிலிருந்து வந்து எங்கள் தெருவில் மனை வாங்கிய முதல் ஆள். அவருடைய அப்பா இதே கொல்லையில் நைனாவிடம் ஏர் ஓட்டியவர். அவருக்கு ஏன் கொடுத்தாய் என்று எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் நைனாவிடம் கேட்டார்கள். அவன் கேட்டான், நான் கொடுத்தேன் என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டார் நைனா. ஆனால் நைனாவும் கண்டக்டர் வீட்டுப் படி ஏறியதில்லை. தெருவில் நின்று பேசுவதோடு சரி. கண்டக்டர் அண்ணனும் நைனாவை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "வாங்க", "போங்க" என்று மரியாதையாகவே பேசுவார். தன் அப்பா நைனாவைக் கூப்பிட்ட வார்த்தையை அவர் சொல்ல மாட்டார். வேறு வார்த்தையும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் மனைவி, அங்கன்வாடி அக்கா, எங்கள் சமையலறை வரை வருவார். அம்மாவும் நானும் அங்கே போவோம்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாடியில் ஓர் அறை எடுப்பதென்று நைனா முடிவு செய்தார். செங்கல் வந்து இறங்கியது. மேஸ்திரி இடுப்பளவு சுவர் எழுப்பிய மூன்றாம் நாள், கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து இருவர் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். நைனா நம்பவில்லை. அளந்து காட்டச் சொன்னார். மறுநாள் டேப்போடு வந்தார்கள். மதிலோரத்திலிருந்து முள்ளுக்குள்ளும் குப்பைமேட்டிலும் டேப்பை இழுத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு முனையை நைனாவே பிடித்துக்கொண்டார். எங்கள் தோட்டம், அடுப்படி, கூடம், வாசல் எல்லாவற்றையும் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகுதான் நூறு முடிந்தது. வந்தவர்களில் ஒருவர் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். எதிர்வீட்டு கேட்டில் அக்கா பால் பாத்திரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த எழுத்தர் வரைபடத்தை விரித்துப் பொறுமையாகச் சொன்னார். ஒழுகினால் பழுது பார்க்கலாம், அதற்கும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். உயரம் மட்டும் ஏற்றவே முடியாது. கிழக்கு வரிசைக்காரர்கள் அனுமதி வாங்கிவிட்டுக் கட்டலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் நைனா எழுந்துவிட்டார். வரும் வழியெல்லாம் ஒன்றுதான் சொன்னார்.

"தெருவே என்னுது. எனக்கு மட்டும் இல்லன்றான்."

எழுப்பிய சுவரை மேஸ்திரி இடித்து இறக்கினார். கல்யாணம் நடந்தது. இருந்த ஓர் அறையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்தோம். தம்பி மனைவி காலையில் அறைக் கதவைத் திறந்தால் எங்கள் எல்லோரையும் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். அந்தப் பெண் கூச்சத்தில் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டாள். தம்பி திண்டிவனம் ரோட்டில் வாடகைக்கு வீடு பார்க்கத் தொடங்கினான். அம்மா அழுதார்.

அதே சமயத்தில் கண்டக்டர் அண்ணன் தன் வீட்டுக்கு மாடி கட்ட எழுதிப் போட்டிருந்தார். டூட்டி இல்லாத நாளெல்லாம் காகிதக் கட்டோடு அலைந்தார். அனுமதி வர மாதங்கள் ஆயின. அலுவலகத்தில் சொன்ன உயரத்துக்குள் அடக்கமாக இரண்டு அறை கட்டினார். மகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்ததால் அது பூட்டியே கிடந்தது. தம்பிக்கு அதுவரை தோதான வாடகை வீடு அமையவில்லை. ஒரு மத்தியானம் அக்கா எங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னார்.

"மேல சும்மாத்தான் இருக்குது. தம்பியும் பொண்ணும் வந்து இருக்கட்டுமே. எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்?"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றே நைனாவிடம் சொல்லிவிட்டார். நாலாம் நாள் சாப்பிடும்போது அம்மா மறுபடி கேட்டார்.

"அவங்கப்பன் நம்ம வூட்டுப் படி ஏறினதே இல்ல" என்றார் நைனா, தட்டைப் பார்த்தபடி.

"நாம ஏற வுட்டதில்ல" என்றார் அம்மா.

நைனா கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு, பீரோவைத் தூக்க ஆள் வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம்.

தம்பி குடிபோன பிறகும் அவர் அங்கே ஏறவில்லை. மகனிடம் பேச வேண்டுமென்றால் தெருவில் நின்று அண்ணாந்து கத்துவார். கடைக்குப் போகிறவர்கள் நின்று எங்கள் வீட்டுச் சமாசாரம் முழுவதையும் கேட்டுவிட்டுப் போவார்கள். தம்பி மனைவி மேலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். குழம்பும் வெற்றிலையும் அதில் ஏறி இறங்கின. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

தம்பி மனைவி பிரசவத்துக்கு அனந்தபுரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போய், குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது திரும்பி வந்தாள். பெண் குழந்தை. ஆரத்தி எடுத்துக் குழந்தையை மேலே கொண்டுபோனார்கள். அம்மா போனார், நான் போனேன். நைனா தெருவிலேயே நின்றார். கண்டக்டர் அண்ணன் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். நைனாவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தன் வீட்டுப் படியின் ஓரத்தில் நின்றார்.

"படி கொஞ்சம் செங்குத்தா இருக்குது. கம்பிய புடிச்சிகினு ஏறுங்க. நான் பின்னாலயே வரேன்."

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். குழந்தையை மடியில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு பால்கனிக்கு வந்தார். அங்கிருந்து ராஜகிரி மலை முழுசாகத் தெரியும், மதிலும் தெரியும், அதற்கு முன்னால் எங்கள் வீடு காலடியில் கிடக்கும். அவர் மலையைப் பார்க்கவில்லை.

"நம்ம மொட்டை மாடி ஃபுல்லா பாசி புடிச்சிருக்குது பாரு. கீழ இருந்து இன்னா தெரியும்?" என்றார் தம்பியிடம்.

"பழுது பாக்கறதுக்குத்தானே, அனுமதி கெடைக்கும். எந்தக் காகிதம் வெக்கணும்னு எனக்குத் தெரியும். நாளைக்கு எனக்கு ரெஸ்ட்தான், போய்ட்டு வருவமா?" என்றார் கண்டக்டர் அண்ணன்.

மறுநாள் இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். அனுமதி வந்து மொட்டை மாடியைப் பழுது பார்த்து முடிக்க அடுத்த கோடை ஆகிவிட்டது. அதற்குள் நைனா காலையில் பேப்பர் படிக்கவும் எதிர்வீட்டு மாடிக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தார். அக்கா கொடுக்கும் டீயில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

போன வருஷம் தம்பிக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் ஆனது. மாடியில் இப்போது இரண்டு நர்ஸ்கள் குடியிருக்கிறார்கள். நைனாவுக்கும் முழங்கால் வலி. கண்டக்டர் அண்ணன் வீட்டுக் கீழ்க் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மனை விலை கேட்டு யாராவது தெருவுக்குள் வந்தால் இருவரும் எழுந்து வந்து, எது எத்தனை மீட்டரில் இருக்கிறது, எந்த அலுவலகத்தில் எழுதிப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். பாதிப் பேர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.