தூறும் ஊரும் கொட்டும் ஊரும்

நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும் ஊர் நல்லதா, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயிலடிக்கும் ஊர் நல்லதா? பெரியம்மா இதை என்னிடம்தான் கேட்டாள். நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். எங்காவது கிளம்பிப் போய்விட வேண்டும் என்று கால் பரபரத்துக்கொண்டிருந்ததே தவிர, எங்கள் ஊர் மழையைத் தவிர வேறு மழையை நான் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கு அது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. மாதக் கடைசிக்குள் இரண்டில் ஒன்றை அவள் முடிவு செய்தாக வேண்டும்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தனி ஆள். இருபத்திரண்டு வருடமாக ஒரு மலையோர ஊரில் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்புகள் துவைத்துக் கொடுத்துவந்தாள். அங்கே வருடத்தில் ஏழு மாதம் தூறல். தீப்பெட்டியை மூடி போட்ட டப்பாவில்தான் வைக்க வேண்டுமாம். ஒரு வாரம் போடாத செருப்பில் பூஞ்சை பூத்துவிடுமாம். வெளியே கொடி கட்டிப் பயனில்லை என்பதால், நீளமான அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளே கயிறு கட்டி, கீழே கரியடுப்பு வைத்து உலர்த்தினாள். அடுப்பை ஒட்டிய ஓரம் முதலில் காயும், மேலே தையல் மடிப்பு மூன்றாம் நாள்தான் காயும். எப்போதும் ஈரத்திலேயே கிடந்த கைக்கு ஈரம் தெரியாமல் போய்விட்டது. அதனால் விரிப்பைக் கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பாள்.

கரிப்புகையும் ஈரமும் சேர்ந்து இருமலாகிவிட்டது. போனில் அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு அம்மா சும்மா இருக்க முடியாமல், எங்கள் தெருக்கோடி ஆஸ்பத்திரியில் பேசிவைத்தாள். அங்கே துவைத்துக் கொடுத்தவர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். தினம் முப்பத்தாறு விரிப்பு, சாயங்காலம் ஆறு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் செய்து பார்க்கட்டும், பிடித்தால் நிரந்தரம் என்று பொறுப்பு நர்ஸ் சொன்னார். பெரியம்மா எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். மலையோர ஊரில் அறையின் சொந்தக்காரரும், அறையை வேறு யாருக்கும் விடாமல் அதே மாதக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்றிருந்தார்.

எங்கள் ஊர் மழை வேறு மாதிரி. காலையில் முதுகு பொசுங்கும் வெயில். இரண்டு மணி வாக்கில் வானம் கறுத்து, கல்லை எறிவதுபோல் கொட்டும். தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, தார் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பும்.

அக்காவும் தங்கையும் இதை வைத்துத் தினமும் மல்லுக்கட்டினார்கள்.

"உங்க ஊரு மழை சண்டைக்காரிடி. வாசல்ல நின்னு கத்திட்டுப் போயிடுது" என்பாள் பெரியம்மா.

"போயிடுதுல்ல? உங்க ஊரு மழை, எழுந்து போகவே தெரியாத விருந்தாளிக்கா" என்பாள் அம்மா.

முதல் மூன்று வாரம் பிசகில்லாமல் போனது. அதற்குக் காரணம் அம்மா. எங்கள் தெருவில் யாரும் சொட்டு விழும்வரை காத்திருப்பதில்லை. மதியம் வெக்கையாக அடிக்கும் காற்று திடீரென்று குளிர்ந்து திசை மாறும். உடனே வீட்டுக்கு வீடு கொடியில் கை போகும். அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய் எடுத்துவிடுவாள். பெரியம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். காற்று மாறியது. நான் சொன்னேன். பெரியம்மா டீ டம்ளரோடு பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சொட்டுதானே விழுந்திருக்கு. குடிச்சுட்டு வரேன்."

அவள் ஊரில் முதல் சொட்டுக்கும் துணி நனைவதற்கும் நடுவே அரை மணி நேரம் இருக்கும். இங்கே அரை டம்ளர் டீ குடிக்கும் நேரம்கூட இல்லை. நாங்கள் ஓடிப் போவதற்குள் விரிப்புகள் நீர் குடித்துக் கனத்து, கயிறு அறுந்து, முப்பத்தாறும் சேற்றில் கிடந்தன. மாடி வீட்டு டெய்லர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னக்கா, எல்லாத்துக்கும் ரெண்டாவது குளியலா?" என்றார்.

பெரியம்மா சேற்றில் இறங்கினாள். விரிப்புகளை அள்ளிவந்து தாழ்வாரத்தில் போட்டாள். அம்மா தொப்பலாக நனைந்து உள்ளே வந்தபோது பெரியம்மா கையில் போன் இருந்தது.

"நாலு நாள் வேலை போச்சுடி. நர்ஸம்மாகிட்ட முடியலன்னு சொல்லிடறேன். அந்த ரூம்காரர்கிட்டயும் திரும்பி வரேன்னு சொல்லிடறேன்."

"எதுக்கு நாலு நாள்?" அம்மா பையைக் கீழே வைத்தாள். "மணி ரெண்டரை. மூணே காலுக்கு மழை விட்டுடும். அதுக்குள்ள அலசு."

பெரியம்மா நம்பவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். கூரைத் தண்ணீர் இரண்டு பீப்பாய் நிறைய விழுந்துகொண்டிருந்தது. சேறு இன்னும் காயாததால் சுலபமாக விட்டது. அம்மாவும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். மூன்று இருபதுக்கு மழை நின்றது. புதுக்கயிறு கட்டி எல்லாவற்றையும் விரித்தோம். வெயிலும் காற்றும் வந்தன. ஐந்தரைக்குப் பெரியம்மா ஒவ்வொரு விரிப்பின் தையல் மடிப்பையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். ஏழில் மட்டும் லேசாக ஈரம் இருந்தது. அவற்றை இஸ்திரி போட்டு எடுத்தாள்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். நர்ஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, இன்று கூடுதலாக வெளுத்திருக்கிறதே, புதுப் பொடியா என்று கேட்டார். "இல்லம்மா, இன்னொரு தரம் அலசினேன்" என்றாள் பெரியம்மா. பொய் இல்லையே.

மறுநாள் காலை அவள் அறைச் சொந்தக்காரருக்குப் போன் செய்து, வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்டேன்.

"அங்க ஒரு நாள்கூட இப்படிக் கோட்டை விட்டதில்ல. விட்டா சரிபண்ண ஒரு வாரம் ஆகும். அந்தப் பயத்துலயே காலம் ஓடிடுச்சு. இங்க தப்பு பண்ணா அன்னைக்கே காய வெச்சுடலாம்."

இங்கே அவளுக்கு எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இடி இடித்தால் இன்றும் காதைப் பொத்திக்கொள்கிறாள். மழை நேரத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது எரிச்சலாக இருக்கிறதாம். அங்கே என்றால் தூறலிலேயே கடைத்தெருவுக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வந்திருப்பாளாம். இருமல் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை.

எந்த ஊரில் எத்தனை அங்குலம் மழை என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். நனைந்த துணி எத்தனை நேரத்தில் காயும் என்று அதில் இருக்காது. மழை ஊருக்குக் குடிபோக யோசிக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.