கடலைக்காட்டில் தொங்கிய கல்யாண சிடி

மாமா இறந்த பிறகு அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் நடப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள்.

கல்யாண ஆல்பம் வீட்டில் இருக்கிறது. அதில் மாமா மாலையோடு நிற்கிறார், உட்கார்ந்திருக்கிறார். நடக்கவில்லை. அவருடைய செல்போன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு வண்டியில் அவரோடேயே கருகிப் போனது. வடக்கே ஏதோ ஓர் ஊரில் போர் போட வண்டியின் இரும்புக் கம்பத்தைத் தூக்கியபோது அது மின்கம்பியில் பட்டுவிட்டது. நானும் அந்த வேலையில் இருந்தவன்தான். எட்டாவதோடு படிப்பை விட்டு, ரிக்கு வண்டி, செங்கல் சூளை, பள்ளிபாளையத்தில் தறி என்று ஓரிடத்தில் தங்காமல் சுற்றியவன். என் தலைக்கு மேலும் மின்கம்பிகள் போயிருக்கின்றன. என் கம்பம் படவில்லை, அவருடையது பட்டது. அதற்கு மேல் அதில் எனக்கு ஒன்றும் விளங்கியதில்லை.

கல்யாண வீடியோ இரண்டு சிடியாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அலமாரியில் தேடினோம், இல்லை. அக்காவின் மாமியாரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் மயிலுக்குக் கட்டியாச்சு சாமி.”

“கல்யாண சிடியவா கட்டுனீங்க?”

“அவந்தான் எடுத்துக் குடுத்தான். சிடி போடற பெட்டியே கெட்டுப் போச்சு, இனி இத வெச்சு என்ன பண்றது, கட்டியுடும்மான்னான். நானா எடுத்தேன்?”

எங்கள் பக்கம் கடலை விதைத்தால் முளை விடுவதற்குள் மயில் வந்துவிடும். பளபளவென்று ஏதாவது ஆடினால் கிட்டே வராது என்று சிடியைத் தறி நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். எல்லாக் காட்டிலும் தொங்கும். அக்கா வீட்டுக் காட்டில் ஐந்து தொங்கின, அவிழ்த்து வந்தோம். மேலே இருந்த படங்களெல்லாம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. எச்சம் காய்ந்து அப்பியிருந்தது, அதன் மேல் பக்கத்துக் கோழிப்பண்ணைப் புழுதி. சினிமாப் பாட்டு எது, அக்காவின் கல்யாணம் எது என்று பார்த்தால் தெரியவில்லை.

ரிக்கு வண்டியில் வேலை செய்பவனுக்கு அழுக்கு என்றால் ஒரே வழிதான். பெயிண்ட் கரைக்கும் தின்னரை ஊற்று, பனியன் வேஸ்ட் துணியை எடு, சுற்றிச் சுற்றித் தேய். முதலில் ஒன்றில் செய்து பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவளே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“இது பாட்டு சிடியாத்தான் இருக்கும்.”

“எப்படிச் சொல்றே?”

“கல்யாண சிடி இப்படி இருந்த மாதிரி இல்லே.”

தேய்த்தேன். அழுக்கு போனது. கூடவே பளபளப்பும் போனது. சூடான கல்லில் ஊற்றிய முட்டை வெள்ளை போல மொத்தமும் மங்கிவிட்டது. நான் கையை எடுக்கவில்லை, இன்னும் தேய்த்தால் தெளியும் என்று நினைத்தேன். இன்னும் மங்கியது.

“என்றா இது, கண்ணுல பூ உழுந்த மாதிரி,” என்றாள் அக்கா.

“சாம்பலப் போட்டுத் தேயுங்க. பித்தளையே பளிச்சுங்குது,” என்றார் மாமியார், அடுப்படியிலிருந்தே. அக்கா மீதி நாலையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

நான் அவற்றை வாங்கிக்கொண்டு, மங்கியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் மங்கியதை முகர்ந்து பார்த்தார்.

“தின்னருங்களா?”

“ஆமாங்க.”

“நல்லவேள, பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டு போவல.” சிரித்துவிட்டுச் சொன்னார். “இதுக்குத் தண்ணி போதுங்க. மொதல்ல தண்ணிய ஊத்தி மண்ண ஓட உடுங்க. எச்சம் ஊறித் தானா வரட்டும். மண்ணோட தொடச்சா கீறிரும். அப்பறம் பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு, மெத்துனு ஒரு நூல் துணி. நடு ஓட்டையில இருந்து ஓரத்துக்கு நேரா இழுங்க. வட்டமாச் சுத்தவே கூடாது.”

“ஏனுங்க, சிடியே வட்டமாத்தானே இருக்குது?”

“அதனாலதானுங்க. உள்ளார படம் வட்டமாத்தான் ஓடும். அந்த வழியிலயே கீறுனீங்கன்னா ஒரே எடத்துல மொத்தமாப் போயிரும். குறுக்கக் கீறுனா மெசினு தாண்டிப் போயிரும்.”

பாதி புரிந்தது. பிறகு அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். ஸ்டுடியோவில் பதிந்து கொடுத்த சிடிக்கு அடிப்பக்கம் லேசாகக் கத்திரிப்பூ நிறம் இருக்குமாம். கடையில் விற்ற படமும் பாட்டும் வெறும் வெள்ளி நிறமாம். நாலில் ஒன்றுதான் கத்திரிப்பூ நிறம்.

“ரெண்டு இருக்கோணுமே,” என்றேன்.

அவர் மங்கியதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இதுல நெறமே தெரியலீங்களே.”

பழைய பிளேயர் ஒன்றை இரவல் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது தேய்ப்பதற்கு முன் அது எந்த நிறத்தில் இருந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கத்திரிப்பூவாகத் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் வெள்ளியாகத் தெரிந்தது. இன்னொரு சிடி காற்றில் அறுந்து எப்போதோ பக்கத்துக் காட்டில் விழுந்திருக்கலாம். அக்காவிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் சொன்னேன். அவள் சேலைத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள்.

கடைக்காரர் சொன்னபடியே கழுவினேன். எந்த வேலையையும் அவ்வளவு மெதுவாக நான் செய்ததில்லை. அக்கா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, நான் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். துணியில் ஒற்றி, நிழலில் சாய்த்து வைத்துக் காயவிட்டோம்.

ஓடியது. இரண்டாவது பாகம் அது, பந்தி. தாலி கட்டுவது, மாமா மேடைக்கு நடந்து வருவது எல்லாம் முதல் பாகத்தில் இருக்கும் போல. இதில் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், அக்கா பக்கத்தில் தலை குனிந்திருந்தாள். இடது கையால் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

“பாருங்க, எடது கை,” என்றார் மாமியார். “எத்தன தடவ திட்டிருப்பேன்.” நான் வந்ததிலிருந்து அவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

மாமா குடித்துவிட்டு காமிராவைப் பார்த்து என்னவோ சொன்னார். ஸ்டுடியோக்காரர் முழுக்கப் பாட்டுப் போட்டிருந்தார். அக்கா சத்தத்தைக் கூட்டினாள், பாட்டுத்தான் கூடியது. அவர் எழுந்தார். கை கழுவப் போகத் திரும்பினார். ஓரடி வைத்தார். அங்கே படம் நின்று கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது.

திரும்பவும் போட்டோம். அதே இடம். இன்னொரு தடவை, அதே இடம்.

“அழுக்கு இருக்குது. இன்னொருக்காத் தொடச்சுப் பாரு சாமி,” என்றார் மாமியார்.

எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அழுக்கு இல்லை. கீறல்கூட இல்லை. வெயிலில் உள்ளே என்ன போனதோ, அது என் துணிக்கு எட்டாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா அதற்குள் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து நின்றாள். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஊற்றினாள், நடுவிலிருந்து நேராக இழுத்துத் துடைத்தேன்.