பீலிக்கு மேலே

ஞானஸ்நானம் எடுக்கிற அன்றைக்கு, வீட்டிலேயே சவுக்காரம் போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டுப் போனவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெள்ளை உடுப்பை இரண்டு தரம் துவைத்தேன். நகத்தில் ஏறிய கொழுந்துக் கறையைத் தேசிக்காய் பிழிந்து தேய்த்தேன். எல்லாம் அக்காவால் வந்த வினை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆள் முழுகும் ஆழம் ஓரிடத்தில்தான் உண்டு. ஓடை பாறையில் விழுந்து தேங்கும் இடம். அந்தத் தண்ணீர்தான் இறங்கிப் போய்க் கீழ் லயத்து வீட்டுக்காரர்கள் குடம் பிடிக்கும் பீலியில் கொட்டுகிறது. அக்கா வீட்டில் குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகச் செம்பில் நீர் மொண்டு பாலிப்பதும் அதே இடத்தில்தான்.

அங்கேதான் ஸ்நானம் என்று பாஸ்டர் சபையில் சொன்னார். மறுநாளே அக்கா என் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஏன்டி, ஒங்க பாவத்தையெல்லாம் அலசி எங்க கொடத்துல ஊத்தப் போறீங்களா? ஆத்தாவுக்குக் கரகம் பாலிக்கிற தண்ணி அது. நீ அதுல முழுகுனா, அந்தப் பீலித் தண்ணிய நான் வாயில வைக்க மாட்டேன். ஒன் மொகத்துலயும் முழிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பாஸ்டரிடம் ஓடினேன். "வேற எடம் பாக்கலாமா பாஸ்டர்?"

"எங்கம்மா போறது? மழையில ஆறு பொங்கி நிக்குது. பாவம் என்ன தண்ணியில கரையிற சாயமா? அத ஆண்டவர் எடுத்துக்கிறாரு. கீழ போகாது."

நன்றாகத்தான் சொன்னார். அதை அக்காவிடம் போய் யார் சொல்வது? அந்த வாரம் முழுக்க மலையில் கொழுந்து பறிக்க எனக்குக் கை ஓடவில்லை. "என்னா, செடிகூடப் பேசிக்கிட்டு நிக்கிறியா?" என்று கங்காணி சத்தம் போட்டார். விட்டுத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் மனம் வரவில்லை. வீட்டுக்காரர் தவறிப்போனதிலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ பிறாண்டிக்கொண்டே இருந்தது. ஜெபத்தில்தான் கொஞ்சம் அடங்கும். முழுகி எழுந்தால் ஒரேயடியாக அடங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். பாவத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும், அழுக்காவது கீழே போகக் கூடாது என்றுதான் அந்தச் சவுக்காரக் குளியல்.

பாஸ்டர் என் மூக்கைப் பிடித்து அமிழ்த்தித் தூக்கினார். குளிரில் உயிரே போய் வந்தது. கரையில் பாட்டும் கைதட்டலும். ஒரு பிள்ளை போனில் படம் பிடித்தாள். எல்லாரும் வானத்தைப் பார்க்க, நான் தண்ணீரைப் பார்த்தேன். என்னைத் தொட்ட தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டு கீழே ஓடியது. ஐயோ, இது கொஞ்சம் நிற்காதா என்றிருந்தது. அடங்கவேண்டிய நெஞ்சு இன்னும் கூடப் பிறாண்டியது.

"நல்லா அழுவும்மா, சந்தோசக் கண்ணீரு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

சந்தோசமாவது மண்ணாவது! ஈரத்துணியோடு பீலிக்கு இறங்கி ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு ஈ காக்கை இல்லை. எல்லாரும் பெக்டரிப் பக்கத்துக் குழாய்க்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் பீலிக்கடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வாய் குழறியது. "அக்கா, வீட்டுலயே சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டுத்தான் போனேன்க்கா. அழுக்கு ஒண்ணும்..."

அவள் குடத்தை நகர்த்தி வைத்தாள். இரண்டு கையையும் குவித்துப் பீலியில் நீட்டினாள். மடமடவென்று குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"ஒன் பீத்துணிய அலசுன கைடி இது. ஒன் அழுக்கு எனக்கு என்னா புதுசா?"

நான் விம்மிவிட்டேன்.

"ஈரத்தோட நின்னு ஒப்பாரி வைக்காத, சளி புடிக்கும். கொடத்தத் தூக்கு."

தூக்கினேன். அவள் முன்னால் நடந்தாள். என் இடுப்பிலிருந்த குடம் வழி முழுக்கத் தளும்பித் தளும்பி என்னை மறுபடியும் நனைத்தது.